பழைய ஃபிலிம் ஸ்கேனர்: வீட்டிலேயே பழுது பார்க்கலாமா? (கேள்வி பதில்; கேட்டவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்)

செந்தூல்: அண்ணே, என்னிடம் நிக்கான் எல்எஸ்-50 ஃபிலிம் ஸ்கேனர் இருக்கிறது. பழைய ஸ்லைடுகளில் அப்பாவின் வெள்ளை வேட்டி ஓரம் பின்னால் உள்ள இருட்டுக்குள் புகை மாதிரி பரவுகிறது. லென்ஸ் போய்விட்டதா?

பதில்: லென்ஸை விடுங்கள் தம்பி, முதலில் கண்ணாடியைப் பாருங்கள். ஃபிலிமைத் தாண்டி வரும் ஒளியை லென்ஸ் பக்கம் திருப்பிவிட உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி உண்டு. பல வருடத் தூசியும் நம் ஊர்ப் புழுக்கமும் அதன்மேல் படலமாகப் படிந்துவிடும். ஒளி அதில் சிதறுவதால்தான் இந்தப் புகை.

வயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு திருகையும் எடுக்குமுன் கைபேசியில் ஒரு படம். எல்லாம் ஒரே நீளம் என்று நம்பிவிடாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் சாம்பல் நிறப் படலம் தெரியும். முதலில் ரப்பர் பம்பால் காற்று. போகவில்லை என்றால் லென்ஸ் துடைக்கும் தாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, ஒரே திசையில், அழுத்தாமல் ஒரு இழுப்பு. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாள். இந்தக் கண்ணாடிக்கு ஒளியைத் திருப்பும் பூச்சு முன்பக்கம்தான். சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் அப்படியே நின்றுவிடும்.

பட்டர்வொர்த்: ஸ்கேனரின் உள்பாகம் நகரும்போது கரகரவென்று சத்தம். டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அது பழைய கிரீஸைக் கரைத்து எல்லா இடத்துக்கும் பரப்பும்; தெறிப்பது அந்தக் கண்ணாடிமேலும் உட்காரும். இறுகிய கிரீஸைக் காது குடையும் பஞ்சால் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்கைத் தின்னாத மெல்லிய கிரீஸை அந்தப் பாகம் ஓடும் கம்பியில் லேசாகத் தடவுங்கள்.

கிள்ளான்: விண்டோஸ் 10-இல் ஸ்கேனரின் மென்பொருள் நிக்கான் ஸ்கேன் ஓடவில்லை.

பதில்: வியூஸ்கேன் என்ற மென்பொருளை வாங்குங்கள். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஆனால் பழைய ஸ்கேனர்கள் பலவற்றை ஓட்டும்.

ரவாங்: எனக்கு விண்டோஸ் 11. என்ன செய்யலாம்?

பதில்: மேலே கிள்ளான்காரருக்குச் சொன்னதுதான்.

பிறை: எதற்கு இந்தப் பாடு ஐயா? கேமரா, கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், அடியில் ஒரு லைட் பலகை, ஃபிலிமை அப்படியே படமெடுத்துவிடலாம். ஒரு ரோல் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

பதில்: முடியும், மறுக்கவில்லை. கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் நானே உங்கள் கட்சி. ஆனால் பிஸ்கட் டின்னில் கிடந்த கலர் நெகட்டிவைப் பார்த்திருக்கிறீர்களா? கீறல், தூசி, கைரேகை. கலர் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தம் வழியே போக விட்டுவிடும், தூசியும் கீறலும் மறிக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஸ்கேனரில் உள்ள டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி கறையை அடையாளம் கண்டு நீக்குகிறது. உங்கள் கேமரா அந்த ஒளியில் ஒரு படம் எடுப்பதில்லையே.

பிறை: தூசியை ஃபோட்டோஷாப்பில் எடுத்துக்கொள்ளலாமே?

பதில்: ஒரு கல்யாண ஆல்பம் முழுக்க உட்கார்ந்து புள்ளி புள்ளியாக அழித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

செந்தூல்: அப்போ கறுப்பு வெள்ளைக்கு ஐஸ் ஆகாதா அண்ணே?

பதில்: வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். அதுவும் அகச்சிவப்பை மறிக்கும். படத்தையே தூசி என்று நினைத்துக்கொண்டு முகத்தைக் கெடுத்துவிடும். ஐஸை அணைத்துவிடுங்கள். பிறைக்காரர் இந்த இடத்தில் கைதட்டிக்கொள்ளலாம்.

ஆயர் ஈத்தாம்: தம்பி, எங்கள் வீட்டுக்காரர் விட்டுப்போன நிக்கான் எல்எஸ்-2000 ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. கேபிள் கம்ப்யூட்டரில் எதிலுமே சேரவில்லை.

பதில்: அது ஸ்கஸி என்ற பழைய வகை இணைப்புக் கேபிள் அக்கா. இப்போதைய கம்ப்யூட்டரில் அதற்கு இடமே கிடையாது. ஸ்கஸி கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டர் யாரிடமாவது கிடைத்தால் சேர்த்து வையுங்கள். பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தேடிப் பாருங்கள். கோலாலம்பூர்ப் பக்கம் என்றால் புடு ஜாலான் பாசார். புதிதாக எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

ஈப்போ: சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்பிரே பரவாயில்லையா?

பதில்: எந்த ஸ்பிரேயும் வேண்டாம்! பட்டர்வொர்த்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிள்ளான்: துடைத்த பிறகு எங்கே வைப்பது?

பதில்: டிரை கேபினெட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) இருந்தால் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். இல்லாவிட்டால் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், பத்து வெள்ளி ஈரமானி ஒன்று. அரிசி மூட்டை யோசனையைத் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள், அதன் மாவும் தூசிதான்.