இரண்டு ஆட்டத்தில் எதை விடுவது?

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். 15 வயது மகன் அமெரிக்கன் ஃபுட்பால், பேஸ்பால் இரண்டும் ஆடுகிறான். டியான் சாண்டர்ஸ் மாதிரி இரண்டிலும் புரொஃபஷனலாக ஆடிவிட்டு, பிறகு காலேஜ் ஃபுட்பால் கோச் ஆவேன் என்கிறான். பேஸ்பால் கோச் ஒன்றை விடச் சொல்கிறார். எதை விடுவது? அவனுக்குக் காலேஜ் டிகிரி தேவைப்படுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். பள்ளி ஃபுட்பால் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடும். பேஸ்பால் ஆட்டங்கள் பிப்ரவரியில்தான். இடிப்பது வருடம் முழுக்க நடக்கும் கிளப் பேஸ்பால். ஒன்றை விடச் சொல்பவர் பள்ளிக் கோச்சா, கட்டணம் வாங்கும் கிளப்பின் கோச்சா என்று முதலில் பாருங்கள். பையன் பிட்ச்சர் (பந்து வீசுபவன்) என்றால் தோளுக்கு வருடத்தில் சில மாதம் ஓய்வு கட்டாயம். ஃபுட்பாலில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக இல்லாதவரை அந்த சீசனே ஓய்வாகிவிடும்.

டியானும் ஃப்ளோரிடாவில் பள்ளி நாளில் ஃபுட்பால், பேஸ்பால், பாஸ்கெட்பால் மூன்றும் ஆடியவர்தான். 1985-ல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பாலுக்குத் தேர்ந்தெடுத்தும் போகாமல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1989 செப்டம்பரில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் டீமுக்காக ஒரு ஹோம் ரன் அடித்தார். அதே வாரம் ஞாயிறன்று அட்லாண்டா ஃபால்கன்ஸ் ஃபுட்பால் டீமுக்கு முதல் ஆட்டம், அதில் எதிரணி உதைத்தனுப்பிய பந்தை எடுத்து 68 கெஜம் ஓடி ஒரு டச்டவுன். ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் இரண்டிலும் ஆடியவர் இன்றுவரை அவர் ஒருவரே.

பையன்கள் இந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். 1992 அக்டோபர் 11 பற்றியும் சொல்லுங்கள். பகலில் மயாமியில் ஃபால்கன்ஸுக்கு ஆடிவிட்டு, தனி விமானம் பிடித்து அன்றிரவே பிட்ஸ்பர்க் போனார், பேஸ்பால் டீமான அட்லாண்டா பிரேவ்ஸின் பிளேஆஃப் ஆட்டத்துக்கு. அங்கே அவரைக் களத்தில் இறக்கவே இல்லை. கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த மாதமே நடந்த வேர்ல்ட் சீரிஸில் 15 முறை பேட் பிடித்து 8 ஹிட் எடுத்தார். அது தனி ரகத் திறமை. அதை வைத்து நம் வீட்டுக் கணக்கைப் போடக்கூடாது.

கோச் வேலைக்கு வருவோம். டியானுக்குப் பெயர் கதவைத் திறந்தது உண்மை. ஆனாலும் அவர் நேராக மேலே போய் உட்காரவில்லை. சிறுவர் டீம்களுக்குக் கோச்சாக இருந்தார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சீடர் ஹில்லில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக (தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச்சாக) இருந்தார். 2020-ல் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம் தலைமைக் கோச்சாக எடுத்தது. அங்கே 27 வெற்றி, 6 தோல்வி. பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போனதும் முதல் சீசன் (2023) 4 வெற்றி, 8 தோல்வி, அடுத்தது 9–4. அந்த இரண்டாம் வருடம் அவருடைய ஆட்டக்காரர் டிராவிஸ் ஹன்டர் தடுப்பில் கார்னர்பேக்காகவும் தாக்குதலில் ரிசீவராகவும் ஆடி, சிறந்த காலேஜ் ஃபுட்பால் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்கினார். 'ஒன்றைத் தேர்ந்தெடு' என்று அந்தப் பையனிடம் சொல்லாதது, தானே இரண்டு ஆட்டம் ஆடிய கோச் என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன்.

பழைய காலத்தில் இந்தப் பாதை இன்னும் எளிது. கிரீஸி நீல் 1919 வேர்ல்ட் சீரிஸில் சின்சினாட்டி ரெட்ஸுக்கு .357 சராசரியில் அடித்தவர். கோடையில் பேஸ்பால், இலையுதிர் காலத்தில் காலேஜ் ஃபுட்பால் கோச். வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் என்ற குட்டிக் கல்லூரியை 1922 ரோஸ் பௌல் என்ற பெரிய காலேஜ் ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போய், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை 0–0 என்று நிறுத்தினார். இன்று காலேஜ் கோச்சுக்கு ஆஃப் சீசன் என்பதே கிடையாது. ரெக்ரூட்டிங் (ஆள் சேர்ப்பு), வசந்தகாலப் பயிற்சி, ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று வருடம் ஓடிவிடும். ஆடிக்கொண்டே கோச் செய்வதெல்லாம் இனி நடக்காது.

ஒரு விதி தெரிந்திருக்கட்டும். பேஸ்பாலில் பணம் வாங்கி ஆடினாலும் காலேஜ் ஃபுட்பால் ஆடத் தடையில்லை. டொரான்டோ புளூ ஜேஸின் மைனர் லீக்கில் ஆறு வருடம் கழித்த கிறிஸ் வெயின்கி, பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட் குவார்ட்டர்பேக்காகி 2000-ல் 28 வயதில் ஹைஸ்மன் வாங்கினார். ஆகவே எந்த ஆட்டம் என்ற முடிவை 18 வயதுவரை தள்ளிப்போடலாம்.

டிகிரியைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரில்லாத ஒருவர் காலேஜ் கோச்சிங்கில் நுழையும் வழக்கமான வாசல் கிராஜுவேட் அசிஸ்டன்ட் (மேற்படிப்புப் படித்துக்கொண்டே செய்யும் உதவிக் கோச்) வேலை. முதல் டிகிரி இல்லாமல் அது கிடைக்காது. டியானே பாதியில் விட்ட படிப்பை டல்லடேகா கல்லூரியில் முடித்து டிகிரி வாங்கியது 2020-ல், ஜாக்சன் ஸ்டேட் வேலைக்கு வந்த அதே வருடம்.