சிட்னியில் சின்ன பார், நேரடி இசை: லைசென்ஸ் கேள்விகளுக்குப் பதில்

சிட்னியில் பார்களுக்கும் உணவகங்களுக்கும் மது லைசென்ஸ் எடுத்துக் கொடுப்பது என் தொழில். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மெல்போர்னில் சந்துக்குச் சந்து சின்ன பார் இருக்கிறதே, சிட்னி மட்டும் ஏன் பின்தங்கியது?

மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1986-இல் பொருளாதார நிபுணர் ஜான் நியூவென்ஹைசன் மது லைசென்ஸ் விதிகளைத் தளர்த்தச் சொல்லி அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. பின்னர் இன்னும் தளர்த்தினார்கள். 1994-இல் மேயர்ஸ் பிளேஸ் போன்ற சந்து பார்கள் முளைத்தன. சிட்னியில் அப்போது புது லைசென்ஸ் எடுப்பது வசதியுள்ளவர்கள் காரியமாக இருந்தது. பப் முதலாளிகளுக்கு அது தோதாகவே இருந்தது. 2007-இல் மேயர் க்ளோவர் மூர் சின்ன பார்களுக்காக மசோதா கொண்டுவந்தபோது, 'ஒரு பொந்துக்குள் உட்கார்ந்து ஷார்டனே ஒயின் குடித்தபடி புத்தகம் படிக்க எங்களுக்கு விருப்பமில்லை' என்கிற தோரணையில் பேசினார் பப் முதலாளிகளின் சங்கமான ஹோட்டல் சங்கத்தின் தலைவர் ஜான் தோர்ப். அந்தப் பேச்சே சின்ன பார்களுக்கு நல்ல விளம்பரமாகிவிட்டது. அந்த ஆண்டு நிறைவேறிய, சின்ன பார்களுக்கு வழிவிட்ட சட்டம் 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

முன்பெல்லாம் பப்புக்குப் பப் பாண்டு வாசிக்குமாமே, அதெல்லாம் எங்கே போனது?

1997-இல் பப்புகளில் போக்கர் மெஷின் (காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரம்) வைக்க அனுமதி கொடுத்தார்கள். நாலு பேர் பாண்டுக்குச் சம்பளமும் சவுண்ட்காரருக்குக் கூலியும் கொடுத்து, கூட்டம் வருமா என்று கவலைப்படுவதைவிட அந்த மூலையில் மெஷினை நிறுத்துவது லாபம். அது போதாதென்று, பாட்டு நடத்தக் கவுன்சிலிடம் (உள்ளூர் நகராட்சியிடம்) தனி அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது. 2009-இல்தான் அந்த விதியை நீக்கினார்கள். என்னைக் கேட்டால், குடிகாரர்களைவிட அந்த மெஷின்கள்தான் இசைக்குப் பெரிய எதிரி.

அண்ணா, பாரமட்டாவில் 80 பேர் உட்காருகிற இடம் பார்த்திருக்கிறேன். வாரக் கடைசியில் கிடாரும் வயலினும் வைக்க ஆசை. எந்த லைசென்ஸ்?

சின்ன பார் லைசென்ஸே போதும் தம்பி. சின்ன பாருக்கென்று இந்தத் தனி லைசென்ஸ் 2013-இல் தொடங்கியபோது 60 பேர்தான் உச்சவரம்பு. பிறகு 100, அப்புறம் 120 ஆக்கினார்கள். போக்கர் மெஷின் கூடாது, சாப்பிட ஏதாவது கிடைக்க வேண்டும்.

ஆனால் லைசென்ஸுக்கு ஓடுவதற்கு முன், அந்தக் கட்டடத்துக்குக் கவுன்சில் கொடுத்திருக்கும் அனுமதிக் கடிதத்தை வாங்கி வரி விடாமல் படியுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து அதற்குப் பிறகுதான். பழைய கடிதங்களில் விசித்திரமெல்லாம் இருக்கும்: என்ன வகை இசை, எத்தனை பேர் வாசிக்கலாம், எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், கூரையில் கண்ணாடி உருண்டை தொங்கலாமா என்பது வரை. 2020-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இந்த வகை நிபந்தனைகளைச் செல்லாதவையாக்கியது. நேரக் கட்டுப்பாடு மட்டும் அப்படிக் கழன்றுவிடாது. அதைத்தான் நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

மேல்மாடியில் குடியிருப்பவர் புகார் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதானா?

ஒரு புகாரில் யாரும் மூடிவிட மாட்டார்கள். யார் முதலில் வந்தார்கள் என்பதையும் அதிகாரிகள் பார்ப்பார்கள். லைசென்ஸ் சீர்திருத்தத்தின் உயிர்நாடியே இதுதான் என்பேன். லைசென்ஸ் கட்டணத்தை எவ்வளவு குறைத்தாலும், நேற்று குடிவந்தவரின் ஒரு கடிதம் இருபது வருட மேடையை முடக்க முடியுமென்றால் யார் பணம் போடுவார்கள்? சிட்னியின் என்மோர் சாலையில் 2022-இல் சிறப்புக் கேளிக்கைப் பகுதி தொடங்கியதும் இதற்காகத்தான். அங்கே ஒலி அளவைக் கவுன்சிலின் திட்டம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

உங்கள் பங்குக்கு, வாசலில் இரண்டு கதவு வையுங்கள். ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். சப்வூஃபர் என்கிற பேஸ் ஸ்பீக்கரைத் தரையில் நேரடியாக வைக்காமல் தடிமனான ரப்பர் மேல் வையுங்கள். பாட்டைவிட பேஸ் அதிர்வுதான் சுவர் வழியாக ஏறித் தூக்கத்தைக் கெடுக்கும். அப்புறம், மேல்மாடிக்காரருக்கு உங்கள் மேனேஜரின் போன் நம்பரைக் கொடுங்கள். கவுன்சிலைக் கூப்பிடுவதற்கு முன் உங்களைக் கூப்பிடுவார்.

தாராளமாக லைசென்ஸ் கொடுத்தால் அடிதடி கூடாதா?

நியாயமான பயம். தனித்தனிச் சம்பவங்களில் தலா ஒரே குத்தில் இரண்டு இளைஞர்கள் இறந்த பிறகு, 2014-இல் இரவு விடுதிகள் நிறைந்த கிங்ஸ் கிராஸிலும் நகர மையத்திலும் அதிகாலை 1.30-க்கு மேல் புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது, 3 மணிக்கு மது விற்பனை நிறுத்தம் என்று விதித்தார்கள். அந்த இரண்டு தாக்குதல்களும் நடந்தது இரவு 9, 10 மணி வாக்கில்! கிங்ஸ் கிராஸில் அடிதடி குறைந்தது உண்மை. தெருவே வெறிச்சோடியதும் உண்மை. சின்ன பார்களுக்கு அந்த 1.30 விதியிலிருந்து விலக்கு கொடுத்ததிலேயே, அடிதடி அங்கிருந்து வருவதில்லை என்ற அரசின் கணிப்பு தெரிகிறது. நகர மையத்தில் 2020 ஜனவரியிலும், கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டார்கள்.

லண்டனில் இருக்கிறேன். எங்கள் பப்பில் பாட்டு வைக்கத் தனி அனுமதி வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 2012-ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டப்படி, அங்கேயே குடிக்க மது விற்கும் லைசென்ஸ் உள்ள இடத்தில் காலை 8 முதல் இரவு 11 வரை ஒலிபெருக்கியோடு வாசிக்கலாம். முதலில் 200 பேர் வரை என்றிருந்தது, 2015-இல் 500 ஆனது. 11-க்கு மேலும் பாட வேண்டுமென்றால் பழையபடி லைசென்ஸில் அதைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்.