நூறு தடவை நூறு மீட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நூறு மீட்டர் நீந்த வேண்டும், சில விநாடி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நூறு மீட்டர். இப்படி நூறு தடவை, மொத்தம் 10 கி.மீ. அமெரிக்க, ஆஸ்திரேலிய நீச்சல் கிளப்புகளில் புத்தாண்டையொட்டிப் பலர் கூடிச் செய்கிற பயிற்சி இது. நம்மூர்க் குளத்தில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களின் கடிதங்களுக்கு இந்த வாரம் பதில்.

நாங்கள் பதினைந்து பேர், குளம் 50 மீட்டர். எல்லோரும் 2 நிமிடத்துக்கு ஒரு நூறு என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒரு நண்பர். கணக்கும் சுலபம், 200 நிமிடத்தில் முடிந்துவிடும். சரிதானே? (வேளச்சேரி, சென்னை)

பதினைந்து பேருக்கு ஒரே நேரம் வைத்தால் ஐந்து பேருக்குப் போரடிக்கும், ஐந்து பேர் முப்பதாவது நூறிலேயே கரையேறிவிடுவார்கள். லேனுக்கு ஒரு நேரம் வையுங்கள். நண்பருடைய ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரு நாள் காலையில் எல்லோரும் நன்றாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டு 400 மீட்டரை முழு முயற்சியில் நீந்தி நேரத்தைக் குறிக்க வேண்டும். பத்து நிமிட ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டர். இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். 400-க்கு 8:20, 200-க்கு 4:00 என்றால் வித்தியாசம் 4:20, பாதி 2:10. அரை மணி நேரம் போலத் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் அது. 10 கி.மீ.க்கு அதோடு 5 விநாடி சேருங்கள், 2:15. மூச்சு வாங்க 15 விநாடி. ஆக, இவர் 2:30-க்கு ஒரு முறை கிளம்ப வேண்டியவர். நூறு தடவைக்கு 250 நிமிடம், அதாவது 4 மணி 10 நிமிடம்.

இதுவும் காகிதக் கணக்குதான். இன்னொரு நாள் அதே நேரத்தில் இருபது நூறு போய்ப் பாருங்கள். கடைசி ஐந்தும் முதல் ஐந்தைவிட 3 விநாடிக்கு மேல் மெதுவாகவில்லை என்றால் பொருந்திவிட்டது. சுவரில் கிடைக்கிற ஓய்வு 5 விநாடிக்கும் கீழே போனால் 2:40-க்கு மாறிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொண்ணூறாவது நூறில் பிடிக்க முடிகிற நேரம் எதுவோ அதுதான் உங்கள் நேரம்.

எண்ணிக்கை தப்பிப் போகிறது. முப்பதா முப்பத்தொன்றா என்று லேனுக்குள்ளேயே சண்டை. என்ன வழி? (திருச்சி)

கடிகாரத்தையே எண்ண வைக்கலாம். 60 விநாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும் பெரிய முள் கடிகாரம் குளத்தங்கரையில் இருக்க வேண்டும். 2:15 இடைவெளி என்றால் முதல் நூறுக்கு முள் 60-ல் இருக்கும்போது கிளம்புவீர்கள். அடுத்தது 15, பிறகு 30, பிறகு 45. ஐந்தாவதுக்கு மறுபடி 60. முள் மேலே வந்தால் நான்கு முடிந்தது என்று அர்த்தம், 25 சுற்றில் ஆட்டம் முடியும். 2:20 என்றால் 60, 20, 40 என மூன்று இடம். 2:30 என்றால் ஒற்றைப்படைக்கு மேலே, இரட்டைப்படைக்குக் கீழே. முழு 2 நிமிடம் வைத்தால் ஒவ்வொரு தடவையும் முள் 60-லேயே நிற்கும், உங்களுக்கு எந்தத் துப்பும் தராது. வேளச்சேரி நண்பர் 'சுலபம்' என்றாரே, எண்ணிக்கை அதிகம் தப்புவது அதில்தான்.

பத்துகளை எண்ணத் தண்ணீர் பாட்டில் போதும். பாட்டிலின் கழுத்தில் பத்து ரப்பர் பேண்டு மாட்டுங்கள். ஒவ்வொரு பத்து முடிந்து தண்ணீர் குடிக்கும்போதும் ஒன்றை அடிப்பக்கம் இறக்குங்கள். ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிக்கொண்டு நீந்தாதீர்கள், மணிக்கட்டை அறுக்கும். எண்ணுகிற வேலை லேனில் ஒருவருடையது மட்டும். ஐந்து பேர் எண்ணினால் ஐந்து விடை வரும்.

எங்கள் குளம் 25 மீட்டர். ஒரு லேனில் எத்தனை பேர் போகலாம்? எப்போதும் மோதிக்கொள்கிறோம். (கோவை)

நான்கு பேர். 2 நிமிட வேகத்தில் போய்வர ஒரு நிமிடம் ஆகிறது. 10 விநாடி இடைவெளியில் ஆறு பேர் இறங்கினால் முதல் ஆள் திரும்பி வரும்போது கடைசி ஆள் இப்போதுதான் கிளம்பியிருப்பார், சுவரில் திரும்பவே இடமிருக்காது. 50 மீட்டர் குளமானால் ஆறு, ஏழு பேர்கூடச் சமாளிக்கலாம்.

லேன் கயிறு கட்டச் சொல்லுங்கள். கயிறு இல்லாத குளத்தில் அலை அடங்காது, ஆளும் நேராகப் போகமாட்டார். லேனுக்குள் எப்போதும் உங்கள் வலப்பக்கமாகவே போய் வலப்பக்கமாகவே திரும்புங்கள். அடுத்த லேன்காரர்கள் இடப்பக்கம். அப்போது கயிற்றின் இருபுறமும் ஆட்கள் ஒரே திசையில் போவார்கள். கை உரசினாலும் எதிரெதிரே அறைந்துகொள்கிற அடியாக இருக்காது.

பெரும்பாலான மோதல் நடுக்குளத்தில் நடப்பதில்லை, சுவரில்தான். நீந்தி வந்தவர் தொட்ட இடத்திலேயே நின்று மூச்சு வாங்குவார், பின்னால் வருகிறவருக்குத் தொடச் சுவர் இருக்காது. தொட்டதும் கிளம்பும் பக்கத்து மூலைக்கு நகர்ந்துவிட வேண்டும். அடுத்தவர் அவருக்குப் பின்னால். வரிசை கலையவே கூடாது. முன்னால் போகிறவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறார், பின்னால் நெருங்கி வருகிறவருக்குச் சுமை குறைவு. அதனால் பத்து நூறுக்கு ஒரு முறை முதல் ஆள் கடைசிக்குப் போகட்டும். ஒருவர் கிளம்பும் நேரத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை தவறவிட்டால் ஒரு நூறு உட்கார்ந்துவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும், இல்லையென்றால் மெதுவான லேனுக்கு மாறட்டும்.

இப்போது 3 கி.மீ. நீந்துகிறேன். எவ்வளவு நாள் தயாராக வேண்டும்? (மதுரை)

பன்னிரண்டு வாரம், வாரம் மூன்று நாள். இரண்டு நாள் வழக்கமான இரண்டரை, மூன்று கி.மீ. மூன்றாவது நாள் நூறுகள் மட்டும். வாரவாரியாக 30, 35, 40, பிறகு இளைப்பாற 30. அடுத்து 45, 50, 55, மறுபடி 40. ஒன்பதாவது வாரம் 60, பத்தாவது 65. பதினோராவது வாரம் 40 போதும். பன்னிரண்டில் நிகழ்ச்சி. ஒரு மணி நேர பேட்ச் பத்தாது, அடுத்தடுத்து இரண்டு மூன்று பேட்சுக்குக் கேட்டுவையுங்கள்.

பயிற்சியில் நூறைத் தொடவே வேண்டாம். 65-ஐச் சுத்தமாக முடித்தவரை மீதித் தூரத்துக்கு லேன் இழுத்துக்கொண்டு போய்விடும். தோள்பட்டையின் முன்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். கை தண்ணீருக்குள் நுழையும்போது தலைக்கு நேராக நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், பாதிக் காரணம் அங்கே இருக்கும். கைத்தகடு (உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தகடு) மாட்டிக்கொண்டு தூரத்தைக் கூட்டுவது தோளுக்குத் தேடிப்போய் வாங்கும் வம்பு.

தண்ணீரில்தானே இருக்கிறோம், குடிக்க வேறு வேண்டுமா? என்ன சாப்பிடுவது? (தஞ்சாவூர்)

வேண்டும். குளத்துக்குள்ளும் வியர்க்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பத்து நூறுக்கு ஒரு முறை ஒரு நிமிடம் நின்று 200 மி.லி. குடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை (சுமார் 50 கிராம்), கால் டீஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சை. புளிப்பைக் கூட்டாதீர்கள், குப்புறப் படுத்து நீந்தும்போது நெஞ்சைக் கரிக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மட்டும் போதாது. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கிறது. அது வயிற்றுப்போக்குக்கான மருந்து, நான்கு மணி நேர உழைப்புக்குத் தீனி ஆகாது.

நாற்பதாவதிலும் எழுபதாவதிலும் அரை வாழைப்பழம். கடலைமிட்டாய் வேண்டாம், துணுக்கு தொண்டையில் சிக்கி இருமல் வரும். காலையில் நெய்ப் பொங்கலும் வேண்டாம், முப்பதாவது நூறு வரை ஏப்பமாகவே வந்துகொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, அதிகாலை நிகழ்ச்சியானால் கிளம்பும்போது இரண்டு வாழைப்பழம். குடித்தால் சிறுநீர் வரும், ஏறிப் போய்விட்டு வாருங்கள். குளத்தில் மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாசனை' குளோரின் அதிகமானதால் வருவதில்லை. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அப்படி நாறுகிறது.

பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் மே மாதம் வைக்கலாமா? (சென்னை)

வைக்காதீர்கள். போட்டிக் குளத்து நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கோடையில் திறந்தவெளிக் குளம் அதைத் தாண்டிவிடும், இரவிலும் அவ்வளவாகக் குளிராது. உழைக்கிற உடம்பின் சூட்டை இளஞ்சூட்டு நீரால் வாங்கிக்கொள்ள முடியாது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் 10 கி.மீ. கடல் நீச்சல் போட்டியின்போது அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். அன்றைக்குக் கடல்நீர் மிகவும் சூடாக இருந்தது. உலகத் தரத்தில் நீந்திய 26 வயது இளைஞர் அவர். திறந்தநீர்ப் போட்டிகளுக்கு இப்போது 31 டிகிரி உச்சவரம்பு இருக்கிறது.

ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். முதல் நாள் விடியற்காலை தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். 30-ஐத் தாண்டினால் தூரத்தைப் பாதியாக்குங்கள். கரையில் நீந்தாத ஒருவர் லேன்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், உயிர்காப்பாளர் தவிர. கை வீச்சு கோணலாகிறவர், எண்ணிக்கை உளறுகிறவர், வெந்நீரில் நின்றுகொண்டு குளிர்கிறது என்கிறவர்: மூவரையும் கேள்வி கேட்காமல் மேலே ஏற்றி நிழலில் உட்கார வையுங்கள்.

வயது 54. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். (ஈரோடு)

டாக்டரிடம் மாத்திரைப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைடு வகையோ இன்சுலினோ என்றால் நீண்ட நேர உழைப்பில் தாழக்கூடும், அன்றைய அளவை அவர்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை என்பது லேனில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், பாட்டில் பக்கத்தில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும்.

லண்டனில் ஸ்விமத்தான் என்கிற நன்கொடை திரட்டும் நீச்சல் நிகழ்ச்சிக்கு நால்வராகச் சேர்ந்து 5 கி.மீ. போகிறோம். ஆளுக்கு 1,250 மீட்டர் ஒரே மூச்சாகப் போவதா? (ஹாரோ)

அப்படிப் போனால் மற்ற மூவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஈரத்தோடு விறைத்துக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு நூறு மீட்டராக மாறிமாறிப் போங்கள். 25 மீட்டர் குளத்தில் நான்கு நீளம், கிளம்பிய சுவருக்கே வந்துசேருவீர்கள். ஆளுக்குப் பன்னிரண்டு முறை போனால் 4,800 மீட்டர் முடியும். மிச்சம் 200-ஐ ஐம்பது ஐம்பதாகப் பிரியுங்கள். நடுவில் ஆறேழு நிமிடம் கிடைக்கும், துண்டைப் போர்த்திக்கொள்ள அது போதும்.

எழுபதுக்கு மேல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. (நெல்லை)

சுவரை உதைக்கிற உதையில்தான் பிடிக்கும். 25 மீட்டர் குளத்தில் 10 கி.மீ.க்கு 300 தடவை திரும்ப வேண்டும், 50 மீட்டரில் 100 போதும். அறுபதுக்குப் பிறகு மெல்லத் தள்ளிக் கிளம்புங்கள், விரல் நுனியை விறைப்பாக நீட்டாதீர்கள். பிடித்துவிட்டால் ஆழமில்லாத பக்கம் நின்று பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கி அரை நிமிடம் பிடியுங்கள். கடைசி இருபதுக்குத் தொடையிடுக்கில் புல்பாய் (காலை மிதக்க வைக்கும் நுரைக்கட்டை) வைத்துக்கொண்டால் யாரும் தலையை எடுத்துவிட மாட்டார்கள்.

பெண்கள் லெக்கிங்ஸ், டி-ஷர்ட் போட்டு நீந்தலாமா? (சேலம்)

பருத்தியில் வேண்டாம், குடம் குடமாகத் தண்ணீரைச் சுமக்கும். முழுக்கை, முழங்கால் மூடுகிற நைலான் அல்லது பாலியெஸ்டர் நீச்சல் உடை கிடைக்கிறது. அக்குள், கழுத்து, தையல் உரசும் இடங்களில் கொஞ்சம் வாஸ்லின். காகிள்ஸை மாட்டிவிட்டு அப்புறம் தடவுங்கள். வாஸ்லின் கையோடு கண்ணாடியைத் தொட்டால் நான்கு மணி நேரமும் மூட்டம்தான்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினால் முடி கெடாது என்கிறார்களே? (நாகர்கோவில்)

குளத்துக்காரர் திட்டுவார், நியாயமான திட்டு. எண்ணெய் ஃபில்டர் மணலில் போய் ஒட்டிக்கொள்ளும், உங்கள் கேப்பும் வழுக்கி வழுக்கிக் கழன்று வரும். இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனையுங்கள். ஏற்கெனவே ஈரமான முடி குளத்து நீரைக் குறைவாகத்தான் இழுக்கும். எண்ணெயை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள்.