டிபி ஆராய்ச்சிப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தவர். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத எம்டிஆர் டிபி என்று சளிப் பரிசோதனையில் வந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் ஆறு மாத மாத்திரை கொடுக்கும் ஓர் ஆராய்ச்சியில் சேரலாம் என்று சொல்லி, 16 பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். லினிசோலிட் என்ற மாத்திரையை ஒரு குழுவுக்குக் கடைசிவரை ஒரே அளவிலும், இன்னொரு குழுவுக்குப் பாதியில் குறைத்தும் தருவார்களாம். யார் எந்தக் குழு என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யுமாம். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று அம்மா அழுகிறார். கையெழுத்துப் போடாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களா? அப்பாவுக்குச் சரியாகப் படிக்க வராது. அவருக்குப் பதில் நான் போடலாமா? ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் 8,000 ரூபாய் கொடுத்தால் ‘நல்ல குரூப்’பில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். மற்றதையெல்லாம் நாலு நாள் யோசித்துச் செய்யலாம். இது இன்றைக்கே தீர வேண்டியது. அந்த ஆளுக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

‘நல்ல குரூப்’ என்று ஒன்று கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான் கம்ப்யூட்டர் பிரிக்கிறது. அடுத்த சீட்டில் எந்தக் குழு வரும் என்பது நோயாளியைச் சேர்க்கும் டாக்டருக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது என்பது விதி. டாக்டருக்கே தெரியாததை டீக்கடை ஓரம் நிற்கிற ஆள் எப்படி மாற்றுவார்? அதுவும் போக, இரண்டு குழுவில் எது நல்லது என்று தெரிந்துவிட்டால் அந்த ஆராய்ச்சியே தேவையில்லையே. உங்கள் அப்பா தானாக ஏதோ ஒரு குழுவில் விழுவார். ‘நான்தான் சேர்த்துவிட்டேன்’ என்று இவர் சொல்லிக்கொள்வார். 8,000 ரூபாய் போனதுதான் மிச்சம்.

ஆராய்ச்சிக்காக நோயாளி காசு கொடுக்க வேண்டியதே இல்லை. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, கண் பரிசோதனை எல்லாம் அவர்கள் செலவு. பஸ் செலவுக்கும் போய்விட்ட கூலிக்கும் அவர்கள்தான் உங்களுக்குத் தருவது வழக்கம். எவ்வளவு என்று படிவத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம்.

இந்த இடைத்தரகர்கள் இன்று முளைத்தவர்கள் அல்ல. 2020இல் கொரோனா வார்டுகளுக்கு வெளியே என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மா என்ற திரவத்தை ஏற்றினால் உயிர் பிழைக்கலாம் என்று பேச்சு கிளம்பியதும், டோனர் பிடித்துத் தருகிறேன் என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அதே நேரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவையும், மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் கொடுத்துப் பார்த்தது. நோய் முற்றியவர்கள், இறந்தவர்கள் இருவரையும் சேர்த்து எண்ணினால் பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19 சதவீதம், ஏற்றாதவர்களில் 18 சதவீதம். பலன் இல்லை என்று 2020 அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது. அரசு சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியதோ 2021 மே மாதத்தில்! நம் நாட்டு மருத்துவமனைகளில், நம் நாட்டு நோயாளிகளை வைத்துக் கண்டுபிடித்த பதிலை நாமே படிக்க ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் தரகர்களுக்கு அறுவடை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

இன்னொரு வகை ஏமாற்று, கோட்டு சூட்டுப் போட்டது. நுரையீரல் சுருங்கிப்போனவர்களிடம் ‘ஸ்டெம் செல் ஆராய்ச்சி சிகிச்சை, பேக்கேஜ் இவ்வளவு லட்சம்’ என்று விற்கிறார்கள். உண்மையான ஆராய்ச்சி எப்படி இருக்கும் தெரியுமா? வேலூர் சிஎம்சியில் ரத்தம் உறையாத ஹீமோபிலியா ஏ நோய்க்கு மரபணு சிகிச்சை செய்து பார்த்தார்கள். மொத்தம் ஐந்தே நோயாளிகள். ஐந்து பேருக்கும் தானாக ரத்தம் கசிவது நின்றது. அதையும் உடனே விளம்பரம் செய்யாமல், தொடர்ந்து கண்காணித்துவிட்டு 2024 டிசம்பரில்தான் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பேக்கேஜ் விலை சொல்லி ஆராய்ச்சி என்பவரிடம் பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருவோம். அப்பாவுக்குக் கொடுக்கப்போவது யாரும் வாயில் போட்டுப் பார்க்காத புது மருந்து அல்ல. பெடாகுயிலின், பிரிட்டோமேனிட், லினிசோலிட் இந்த மூன்றும் சேர்ந்த ஆறு மாத சிகிச்சையைத் தென்னாப்பிரிக்காவில் 109 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் பத்துக்கு ஒன்பது பேர் தேறினார்கள். கைவிடப்பட்ட நிலையில் இருந்தவர்கள் அவர்கள். அதற்கு முன்பு இந்த வகை டிபிக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் மருந்து, பல மாதம் தினமும் ஊசி. ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். இந்தியாவிலும் 2024இல் இந்த மூன்றோடு மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மருந்தையும் சேர்த்து ஆறு மாத சிகிச்சைக்கு அரசு அனுமதி கொடுத்துவிட்டது.

சிக்கல் லினிசோலிட்டில்தான். டிபி கிருமியை நன்றாக அடிக்கிறது; கூடவே எலும்பு மஜ்ஜையையும் நரம்பையும் அடிக்கிறது. ரத்தம் குறையும், பாதம் எரியும், அபூர்வமாகப் பார்வை மங்கும். அந்தத் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியில் தினமும் 1,200 மில்லிகிராம் கொடுத்தார்கள். பிறகு தென்னாப்பிரிக்கா, ரஷ்யா, ஜார்ஜியா, மால்டோவா ஆகிய நாடுகளில் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதமும் 600 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 91 சதவீதம் தேறினார்கள். 1,200 சாப்பிட்டவர்களில் 93. மஜ்ஜை பாதிப்போ 22 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது. நரம்பு பாதிப்பு 38இலிருந்து 24ஆகக் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தால் நோயும் போகுமா, பாதமும் தப்புமா என்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் கேள்வி. உங்கள் அப்பாவின் படிவம் கேட்பதும் அதுதான். சோதனை எலி என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

அவர் எந்தக் குழுவில் விழுந்தாலும் வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தினமும் ராத்திரி பாதத்தில் மதமதப்போ எரிச்சலோ இருக்கிறதா என்று கேளுங்கள். சூளையில் வெறுங்காலோடு நின்று பழகியவர், ‘அது கிடக்குது’ என்றுதான் சொல்வார். செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறாரா, சிவப்பு நிறம் மங்கலாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

கையெழுத்துப் போடாவிட்டால் மாத்திரையை நிறுத்துவார்களா என்றால், மாட்டார்கள், நிறுத்தவும் முடியாது. டிபி மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். ஆராய்ச்சியில் சேராதவருக்கும் அதே மருத்துவமனை அரசு வழிகாட்டிப்படி சிகிச்சை கொடுத்தாக வேண்டும். சேர்ந்த பிறகு பாதியில் விலகவும் உரிமை உண்டு, காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் விலகுவது ஆராய்ச்சியிலிருந்து மட்டும்தான். ‘கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டோம்’ என்று மாத்திரையையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்து, அப்பாவுக்குப் பதில் நீங்கள் போடலாமா? கூடாது. அவர் சுய நினைவோடு இருக்கிறார், அது அவர் உடம்பு. படிக்க வராவிட்டால் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும், அவர் கேள்வி கேட்க வேண்டும், பிறகு கைநாட்டு வைக்கலாம். அந்த ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கூடவே இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வார்டில் வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டு ‘இங்க ஒரு சைன் போடுங்க’ என்பது சாட்சி ஆகாது. படிவத்தை வாசித்துக் காட்டுபவர் அவசரப்படுத்தினால், ‘நாளைக்கு வர்றோம்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

குடும்பத்தார் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. ஒருவர் கடும் நிமோனியாவோடு ஐசியுவில் வென்டிலேட்டரில் கிடக்கிறார். அவரிடம் கேட்க வழியில்லை. அப்போது சட்டப்படி உரிமையுள்ள நெருங்கிய உறவினர் அவர் சார்பாக ஒப்புதல் தரலாம். இப்படிப்பட்ட நோயாளிகளை விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்யவும் முடியாது. 2020இல் பிரிட்டனில் கொரோனாவுக்கு டெக்ஸாமெதசோன் என்ற மருந்து பலன் தரும் என்று நிரூபித்தார்களே, அதில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41 சதவீதத்திலிருந்து 29க்கு இறங்கியது. பேச முடியாத நிலையில் இருந்தவர்களுக்காக அவர்கள் சார்பில் மற்றவர்கள் சம்மதித்ததால்தான் அந்தப் பதில் கிடைத்தது. உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால், ‘எனக்கு எது சரியென்று படுகிறது’ என்று யோசிக்காமல், ‘அவர் எழுந்து உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்’ என்று யோசியுங்கள். அவர் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் அவரிடமே திரும்பவும் கேட்டாக வேண்டும். உங்கள் கையெழுத்து அதுவரைக்கும்தான். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. இப்படித் திரும்பக் கேட்பதைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். நோயாளி சாதாரண வார்டுக்கு மாறியிருப்பார், ஷிஃப்ட் மாறியிருக்கும், ஃபைல் வேறு மாடிக்குப் போயிருக்கும். குடும்பத்தார்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் தெளிவாகப் பேசுகிற, நடக்கிற உங்கள் அப்பாவுக்கு இந்த விதிவிலக்கு எந்த வகையிலும் பொருந்தாது. படிக்கத் தெரியாதது சுய நினைவு இல்லாதது ஆகிவிடாது.

இனி அந்த 16 பக்கம். தமிழ்ப் படிவம் என்ற பெயரில் கொடுப்பதைப் பாதிநாள் எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிகிறது. கடைசிப் பக்கத்தில்தான் கையெழுத்து என்பதால் எல்லோரும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் சிடிஆர்ஐ பதிவு எண்ணையும், ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பரையும், இழப்பீடு பற்றிய பத்தியையும் தேடுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆராய்ச்சி எல்லாம் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009இலிருந்து இது கட்டாயம். எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தால் எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்று விவரம் வரும். எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். செங்கல் சூளைத் தொழிலாளி எப்படிப் படிப்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவத் துறையைச் சேராத சாதாரண ஆள் ஒருவரும் உண்டு. அந்த நம்பர் உங்களுக்காகத்தான். கூப்பிட்டுப் பேசுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆராய்ச்சியால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும், நிரந்தர ஊனமோ மரணமோ ஏற்பட்டால் இழப்பீடும் தர வேண்டும். தேவையான மாற்று மருந்து கையில் இருந்தும் கொடுக்காமல் விட்டு நோய் முற்றினால் அதுவும் இதே கணக்கில் வரும். ஆனால் ஒன்று: கையில் தாள் இல்லாதவர் இதில் எதையும் கேட்க முடியாது. கையெழுத்திட்ட படிவத்தின் நகலை அன்றைக்கே வாங்காமல் வராதீர்கள். ‘ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க’ என்றால், வெளியே போய் நீங்களே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். நகல் தருவது விதி. அதற்கும் நோயாளியே அலைய வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

என் கருத்தைக் கேட்டால், பதிவு எண் சரியாக இருந்து, நகலும் கையில் கிடைத்தால், அப்பா சேரலாம். ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் தேதி தவறாமல் நடக்கும், விசாரிக்க ஒரு ஆள் இருப்பார். கூட்டம் நெரியும் ஓபியில் அந்தக் கவனிப்பு கிடைப்பது கஷ்டம்.

கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. அம்மாவையும், ஒரே வீட்டில் இருக்கும் எல்லோரையும் அழைத்துப் போய் மார்பு எக்ஸ்ரேயும் பரிசோதனையும் செய்யுங்கள். டிபி நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. அப்பாவின் பேங்க் கணக்கு பதிவாகியிருக்கிறதா என்று டிபி பிரிவில் கேளுங்கள். அந்தப் பணத்தை மருந்துச் செலவாக நினைத்து முட்டை, பருப்பு, நிலக்கடலை வாங்குங்கள். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2023இல் வெளிவந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகள் இறப்பது பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அப்பாவின் இன்றைய எடையை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து ஏறாமல் இருந்தால் டாக்டரிடம் அதை முதல் விஷயமாகச் சொல்லுங்கள்.