ஒத்தெல்லோவும் ஒரு கர்ச்சீப்பும்

வணக்கம் சார். பி.ஏ. இங்கிலீஷ் பசங்களுக்கு ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகம் எடுக்கறேன். கைடை மனப்பாடம் பண்ணி பொறாமை பத்தி ரெண்டு பக்கம் எழுதிடறாங்க, ஆனா ஒத்தெல்லோகிட்ட வேலை பார்க்கற இயாகோ அந்த மனுஷனை எப்படித்தான் கவுத்தான்னு கேட்டா முழிக்கறாங்க. கிளாஸ்ல செய்யற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.
ஒரு ஆசிரியை

டீச்சருக்கு வணக்கம்,

பொறாமைன்னா என்னன்னு கேக்கறதை முதல்ல விட்டுடுங்க, கேட்டா கைடுதான் பதில் சொல்லும். மூணாவது அங்கம் மூணாவது சீனை மட்டும் எடுங்க. ஆரம்பத்துல பொண்டாட்டி டெஸ்டிமோனா எது கேட்டாலும் சரிங்கற ஒத்தெல்லோ, அதே சீன் முடியறப்போ அவளுக்கும் தன் படையில இருந்த கேசியோவுக்கும் தொடர்புன்னு நம்பி, மூணு நாளைக்குள்ள கேசியோ உயிரோட இருக்கக்கூடாதுங்கறான். இயாகோ பேசற வரிகளை மட்டும் ஜெராக்ஸ் போட்டு குடுத்து, உண்மைக்கு பச்சை, கேள்வியா இழுக்கறதுக்கு நீலம், பச்சைப் பொய்க்கு சிவப்புன்னு கோடு போடச் சொல்லுங்க. பசங்க சிவப்பு பேனாவை வச்சுகிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருப்பாங்க, ஏன்னா அவன் பாதி நேரம் ஒத்தெல்லோ சொன்ன வார்த்தையையே திருப்பிக் கேக்கறான், "நேர்மையா பிரபு?", "நினைக்கறதா பிரபு?", அவ்வளவுதான். அப்பாவை ஏமாத்திட்டுத்தானே உங்களை கட்டிகிட்டாங்கறான், அது நிஜம், ஒத்தெல்லோவும் ஆமாங்கறான். ஆதாரம் காட்டுன்னு ஒத்தெல்லோ இவன் கழுத்தைப் பிடிச்ச அப்புறம்தான் பெரிய பொய்யே வருது, கேசியோ பக்கத்துல படுத்திருந்தேன், பல்வலில தூக்கம் வரல, அவன் தூக்கத்துல டெஸ்டிமோனா பேரைச் சொன்னான்னு. அந்த பல்வலி இருக்கே, அதுகிட்ட ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க டீச்சர், இவன் ஏன் முழிச்சிருந்தான்னு யாராவது கேட்டாங்களா, கேக்காத கேள்விக்கு எதுக்கு பதில்?

அடுத்த நாள் நிஜமாவே ஒரு கர்ச்சீப் கொண்டு போங்க, இயாகோ ஆதாரமா காட்டறது டெஸ்டிமோனாவோட கர்ச்சீப்பைத்தானே. டெஸ்டிமோனா, அவளோட தோழியும் இயாகோ பொண்டாட்டியுமான எமிலியா, இயாகோ, கேசியோ, கேசியோவோட காதலி பியான்கான்னு ஆளுங்களை நிக்க வச்சு கைமாத்துங்க, ஒவ்வொரு கையிலயும் நிறுத்தி இந்த நிமிஷம் உனக்கு என்ன தெரியும்னு மட்டும் கேளுங்க. தலைவலின்னு சொன்னவனுக்கு டெஸ்டிமோனா அந்த கர்ச்சீப்பை கட்டிவிட வந்தப்போ, சின்னதா இருக்குன்னு தட்டிவிட்டதே ஒத்தெல்லோதான், அடுத்த சீன்ல எங்கன்னு கேட்டு குதிக்கறதும் அவன்தான். பசங்க இதை கவனிக்காமயே பரீட்சை எழுதிட்டு போயிடறாங்க.

சேர்ல உக்கார வச்சு கேள்வி கேக்கற விளையாட்டுக்கு எல்லாரும் இயாகோவைத்தான் உக்கார வைப்பாங்க. வேஸ்ட், கடைசியில இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு வாயை மூடிக்கறவன் அவன், பையன் சும்மா வில்லன் சிரிப்பு சிரிச்சுட்டு வருவான். எமிலியாவை உக்கார வைங்க. எங்கடி தொலைச்சேன்னு டெஸ்டிமோனா தவிக்கறப்போ தெரியலம்மான்னு சொன்னவ அவ, எடுத்ததும் அவளேதான். ஏன் சொல்லலன்னு கிளாஸ் கேக்கட்டும்.

ஒண்ணு மட்டும், நிறத்தை வச்சு யாரையும் ஒத்தெல்லோவா தேர்ந்தெடுக்காதீங்க, சீட்டு குலுக்கிப் போடுங்க. தான் கறுப்பா இருக்கறதாலதானோன்னு அவன் தனக்குத்தானே சொல்லிக்கற இடத்தை நீங்களே வாசிச்சு காட்டிடுங்க.