கடன் வாங்கி ஆறு நாடா, பொறுத்திருந்து ஒரே நகரமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 49. ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி பள்ளியில் வரலாற்று ஆசிரியை. அவர் சம்பளம் வீட்டுக் கடனுக்கே சரியாகிவிடுகிறது. செக் குடியரசின் தலைநகர் ப்ராக்கைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எங்கள் 25-ஆவது கல்யாண நாளுக்காக ஆர்.டி. போட்டு 2.5 லட்சம் சேர்த்திருக்கிறேன். டிராவல்ஸில், "ஒரு ஊருக்கா இவ்வளவு தூரம் போவீர்கள்? பத்து நாளில் ஆறு நாடு பார்க்கலாம், தலைக்கு 2.75 லட்சம்" என்கிறார்கள். மீதி 3 லட்சத்தை 13 சதவீத வட்டியில் மூன்று வருட பர்சனல் லோனாகத் தர வங்கி தயார். மகளின் கல்லூரிப் படிப்புக்கு 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. லோன் வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: மகளின் எஃப்.டி.யைத் தொடாதீர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. லோனும் வேண்டாம். ஆனால் ப்ராக் போங்கள், கட்டாயம் போங்கள்.

லோன் கணக்கை முதலில் பார்ப்போம். 3 லட்சம், 13 சதவீதம், 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 10,100 ரூபாய். வட்டியாக மட்டும் ஏறக்குறைய 64,000 ரூபாய் போகும். அந்தப் பணத்தில் ப்ராக்கில் ஆறு இரவு நல்ல அறையே எடுத்துவிடலாம். ஊர் திரும்பி மூன்று வருடம் தவணை கட்டத் துணிந்த நீங்கள், அதே 10,100 ரூபாயைப் பத்து மாதம் ஆர்.டி.யில் போடுங்கள். கையில் 3.5 லட்சம் இருக்கும். இருவர் ப்ராக் மட்டும் போய் ஆறு இரவு தங்கிவர அது போதும் என்பது என் மதிப்பீடு: விமானத்துக்கு 1.4 லட்சம், விசா, காப்பீட்டுக்கு 30,000, அறைக்கு 50,000, சாப்பாடு, டிராம், நுழைவுச் சீட்டுகளுக்கு 70,000. மீதி 60,000 அவசரத்துக்கு. கல்யாண நாள் பயணம் சில மாதம் தள்ளிப் போனால் உங்கள் மனைவி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆறு நாடு ஏன் வேண்டாம் என்கிறேன்? செலவு மட்டும் காரணமில்லை. அவர் வரலாற்று ஆசிரியை. 1618-ஆம் ஆண்டு மே மாதம் ப்ராக் கோட்டையின் ஜன்னல் வழியாக அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் வெளியே தூக்கி எறிந்தார்களே, ஐரோப்பாவையே எரித்த முப்பதாண்டுப் போர் அங்கேதான் பற்றிக்கொண்டது. வகுப்பில் எத்தனை முறை இதை நடத்தியிருப்பார்! அந்த அறை கோட்டைக்குள் பழைய அரண்மனையில் இன்றும் இருக்கிறது. பேருந்தில் வந்திறங்கி, கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஓடும் பயணத்தில் அந்த ஜன்னலோரம் பத்து நிமிடம் நிற்க விடுவார்களா? கோட்டையின் முற்றங்களில் நடக்கக் காசு இல்லை. பழைய அரண்மனை, செயின்ட் வீட்டஸ் பேராலயம் போன்றவற்றுக்கு உள்ளே போகத்தான் சீட்டு. 1344-இல் தொடங்கி 1929-இல் முடித்த பேராலயம் அது. அந்தச் சீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி பணத்துக்கு வருவோம். ப்ராக் போகிறவர்களின் காசு கரைவது இங்கேதான். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது யூரோ அல்ல, கொருனா. ஒரு கொருனா சுமார் நாலு ரூபாய். யூரோவை வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. ஆனால் அவர்கள் வைத்த விலைதான்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2016-இல் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகும் வழியில், 'கமிஷன் கிடையாது' என்று பெரிதாக எழுதிய ஒரு நாணய மாற்றுக் கூண்டில் 100 யூரோ நீட்டினேன். பலகையில் யூரோவுக்கு 27 கொருனா என்று பார்த்த ஞாபகம். கைக்கு வந்தது இரண்டாயிரம் கொருனாவும் சில்லறையும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பலகையின் அடியைக் காட்டினார். நான் பார்த்தது அவர்கள் யூரோவை விற்கும் விலை. வாங்கும் விலை கீழே பொடி எழுத்தில் இருந்தது. ரசீதில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஒரே நிமிடத்தில் கால்வாசிப் பணம் போயிற்று. பணத்தைக் கணக்குப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், அங்கே 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்துசெய்து திரும்பக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். நோட்டை நீட்டும் முன் "100 யூரோவுக்கு எத்தனை கொருனா?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தெருவில் நின்று "நான் மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் போகவே கூடாது. வேறு நாட்டுச் செல்லாத நோட்டைத் திணித்துவிடுவார்கள்.

பெரும்பாலான செலவைக் கார்டிலேயே முடியுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. லட்ச ரூபாய் செலவுக்கு 4,130 ரூபாய் அப்படியே போய்விடும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகள் இருக்கின்றன. பத்து மாதம் அவகாசம் இருக்கிறது, இப்போதே ஒன்று வாங்கி வையுங்கள். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபோரெக்ஸ் கார்டு என்றால் அதில் கொருனா உண்டா என்று முதலில் கேளுங்கள். பல கார்டுகளில் கிடையாது. யூரோவை ஏற்றிக் கொருனாவில் செலவு செய்தால் மாற்றுக் கட்டணம் தனியாக விழும். கடையிலும் ஏ.டி.எம்.மிலும் "ரூபாயில் செலுத்துகிறீர்களா, கொருனாவிலா?" என்று திரையில் கேட்கும். ரூபாய் என்றதும் நம் மனம் இளகும். அதை அழுத்தாதீர்கள், எப்போதும் கொருனாவைத்தான் அழுத்த வேண்டும்.

ரொக்கமாக 200 யூரோ போதும். முழுப் பணத்தையும் இடுப்பில் கட்டிக்கொண்டு போவது, கூட்டம் நெரியும் சார்லஸ் பாலத்தில் பிக்பாக்கெட்டுக்கு விருந்து வைப்பது போல.

வரி விஷயம் ஒன்று. டூர் பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டுக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். விமானச் சீட்டையும் அறையையும் நீங்களே தனித்தனியாகப் போட்டால் இந்தப் பிடித்தம் இல்லை.

விசாவுக்கு பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கையும் பார்ப்பார்கள். திடீரென்று 3 லட்சம் லோன் பணம் விழுந்த கணக்கைவிட, மாதாமாதம் சேமிப்பு ஏறிய கணக்குக்கு மதிப்பு அதிகம்.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது எலும்புக்கூடு ஒன்று மணிக்கயிற்றை இழுக்கும். மறுபக்கத்தில் பணப்பையைப் பிடித்த கருமி ஒருவன் 'மாட்டேன்' என்று தலையாட்டுவான். அதைப் பார்க்கக் காசு இல்லை. மன்னர் நான்காம் சார்லஸ் 1357-இல் அடிக்கல் நாட்டிய, 516 மீட்டர் நீளமுள்ள சார்லஸ் பாலத்தில் நடக்கவும் காசு இல்லை. காலை ஆறு மணிக்குப் போங்கள். வல்டாவா ஆற்றின் மேல் பனி விலகும், முப்பது சிலைகளும் நீங்கள் இருவரும் மட்டும் இருப்பீர்கள்.

உங்கள் மனைவி சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால், வறுத்த பாலாடைக்கட்டி பல உணவகங்களில் கிடைக்கும். வார நாட்களில் மதிய மெனு விலை குறைவு. கேட்காமல் மேசையில் வைக்கும் ரொட்டிக்கும் பில் வரலாம், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் நாலாவது மாத ஆர்.டி. கட்டியதும் தேதியை முடிவுசெய்யுங்கள். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்ப வராத அறை எதையும் போடாதீர்கள்.