கயாக்கில் மூன்று நாள்: மூட்டையும் சமையலும்
வாசகர் கேள்வி – பதில்

கோடை நெருங்குவதால், கயாக்கில் (மேல்தளம் மூடிய ஒடுங்கிய துடுப்புப் படகில்) போய்க் காட்டில் தங்குவது பற்றிய கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே ஒன்ராறியோவிலிருந்து வந்தவை. அதனால் இங்குள்ள ஏரிகளையும் சட்டங்களையும் வைத்தே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆடி மாதம் நானும் தம்பியும் அல்கொன்குயின் பூங்காவின் ஒபியோங்கோ ஏரிக்கு இரண்டு இரவு தங்கப் போகிறோம். ஆளுக்கொரு கயாக் வாடகைக்கு எடுக்கிறோம். கூடாரம், படுக்கைப் பை, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்குமா? எப்படி அடுக்குவது? (ஸ்காபரோ வாசகர்)

முதலில் ஒன்று: ஏரியை நன்றாகத் தேர்ந்திருக்கிறீர்கள். சாமான் ஏற்றிய கயாக்கைத் தோளில் தூக்கிக் காட்டுப்பாதையில் நடப்பது கனூ என்ற திறந்த துடுப்புப் படகைத் தூக்குவதைவிடப் பெரும்பாடு. ஒபியோங்கோ அந்தப் பூங்காவின் மிகப் பெரிய ஏரி. படகைத் தூக்கி நடக்காமலே போய்ச் சேரக்கூடிய தங்குமிடங்கள் அதன் கரைகளில் நிறைய உண்டு. ஆனால் ஏரி பெரிதென்பதால் காற்றும் பெரிது. அகலமான பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு அலை எழும்பினால் கரையோரமாகவே போங்கள்.

இடம் அடங்கும். சிக்கல் கொள்ளளவில் இல்லை, வாயில்தான். ஐந்து மீற்றர் நீளக் கயாக்கின் உள்ளே இடம் தாராளமாக இருந்தாலும், முன்பக்க ஹட்ச் (சாமான் இறக்கும் வாய்) மூடி பல படகுகளில் 25 சென்ரிமீற்றர் அகல வட்டம்தான். 60 லீற்றர் பை ஒன்றில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு போகிறவர்கள், கரையில் நின்று அதைப் பிரித்துச் சிறு சிறு பொலித்தீன் பைகளில் போடுவதை ஒவ்வொரு கோடையும் பார்க்கலாம். 5, 8, 10 லீற்றர் நீர்புகாப் பைகளாக வாங்குங்கள். ஓர் அட்டைப் பெட்டியில் 24 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டி, ஒவ்வொரு பையையும் வீட்டிலேயே அதற்குள்ளால் விட்டுப் பாருங்கள். இறங்காத பை ஏரிக்கரையிலும் இறங்காது.

பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மடிப்பு விழாமல் நேராகப் பிடித்து, குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டிக் கொளுவ வேண்டும். நிறைத்த பை ஒரு சுற்றுத்தான் சுருளும். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அங்கேதான். பழைய பை என்றால் காற்றடைத்துச் சுருட்டிக் குளியல் தொட்டியில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. படுக்கைப் பையையும் இரவு உடுப்பையும், எந்தப் பையை நம்பினாலும், உள்ளே ஒரு தடித்த குப்பைப் பை போட்டு இரட்டையாகக் கட்டுங்கள். மற்றது எது நனைந்தாலும் சமாளிக்கலாம்.

அடுக்கும்போது பாரமானவை (தண்ணீர், சாப்பாடு, அடுப்பு) இருக்கைக்கு அண்மையில், அடித்தளத்தில், நடுக்கோட்டில் இருக்கட்டும். படுக்கைப் பை, உடுப்பு போன்றவை இரு நுனிகளுக்கும். கூடாரத்தை முழுதாகக் கட்டாமல் பிரித்துவிடுங்கள்: துணி ஒரு பையில், கம்புகள் தனியாகப் பின்பக்க ஓரத்தில். படுக்கைப் பையைக் கல்லுப்போல இறுக்கிக் கட்டுவதைவிட, மென்மையாக விட்டு இடைவெளிகளை நிரப்பப் பயன்படுத்துவது நல்லது.

முன்னும் பின்னும் பாரம் சமமா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். முன்பக்கம் பாரம் கூடினால் படகு காற்றை நோக்கியே திரும்பிக்கொண்டிருக்கும். பின்பக்கம் கூடினால் மூக்குக் காற்றோடு அடிபட்டுப் போகும். இரண்டிலும் ஒரு கையால் திருத்தித் திருத்தியே களைத்துப்போவீர்கள். மேல்தளத்தில் மேலதிகத் துடுப்பு, தண்ணீர் இறைக்கும் பம்ப், வரைபடம் தவிர எதையும் கட்டவேண்டாம். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் கவிழ்வதற்கு உதவி.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று நேரமும் நம் சாப்பாடு வேண்டும். புட்டு, பருப்புக்கறி, சொதி எல்லாம் காட்டுக்குக் கொண்டுபோக வழி உண்டா? கடையில் விற்கும் உலர்ந்த சாப்பாட்டுப் பைகள் விலையும் கூட, ருசியும் இல்லை. (மார்க்கம் வாசகி)

நிச்சயம் உண்டு. நம் சமையலில் பாதி ஏற்கெனவே காட்டுக்கு ஏற்றதுதான். பருப்பு, அரிசி, ரவை, சோயா மீற், பால்மா, தேங்காய்ப்பால் மா எல்லாமே உலர்ந்தவை, பாரம் குறைந்தவை.

பருப்புக்கறியை வீட்டிலேயே சமைத்து உலர்த்தலாம். மைசூர்ப் பருப்பு, வெங்காயம், உள்ளி, மஞ்சள், கறித்தூள், உப்பு சேர்த்துக் குழைய அவியுங்கள். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்க்கவே வேண்டாம். கொழுப்பு உலராது, உள்ளே தங்கிச் சில நாளில் சிக்குவாடை அடிக்கும். வெந்த பருப்பை உலர்த்தும் மெஷினின் தட்டில் ஒட்டாத தாள் விரித்து 4 அல்லது 5 மில்லிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, 57 பாகை செல்சியஸில் 8 தொடக்கம் 10 மணி நேரம் வையுங்கள். பாதியில் தாளை உரித்துத் திருப்பிப் போடுங்கள். மெஷின் இல்லாவிட்டால் அவணின் ஆகக் குறைந்த சூட்டில், கதவைச் சிறிது திறந்து வைத்துச் செய்யலாம், ஆனால் ஓரம் கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒடித்தால் அப்பளம்போல் முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

உலர்ந்ததை நொறுக்கிக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து ஒரு கிழமை வெளியே வைத்துத் தினமும் பாருங்கள். போத்தலின் உட்புறத்தில் ஈரம் படிந்தால் திரும்ப உலர்த்துங்கள். இதைச் செய்யாமல் நேரே சிப் பையில் கட்டுவதால்தான் பலருக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. காட்டில் 60 கிராம் தூளுக்கு 240 மில்லிலீற்றர் கொதிநீர் ஊற்றி மூடி, ஒரு துவாயால் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். தேங்காய்ப்பால் மா ஒரு மேசைக்கரண்டியும் சிறு போத்தலில் கொண்டுபோன தாளித்த எண்ணெயும் கடைசியில் சேர்த்தால் வீட்டுக் கறிதான்.

சொதி இன்னும் எளிது: 30 கிராம் தேங்காய்ப்பால் மா, 300 மில்லிலீற்றர் தண்ணீர், மஞ்சள், உலர்த்திய வெங்காயம், கறிவேப்பிலை. கொதிக்கவிட்டால் திரையும், ஆவி பறக்கும்போதே இறக்குங்கள். தேசிக்காயை முழுசாகக் கொண்டுபோய் அங்கே பிழியுங்கள்.

புட்டைத்தான் விடச் சொல்வோம். வீட்டில் அவித்தது தேங்காய்ப்பூ சேர்ந்ததால் மறுநாளே புளித்துவிடும். அங்கே அவித்தால் காஸ் தீரும். அந்த இடத்துக்குக் காய்ந்த இடியப்பம் வையுங்கள். ஆளுக்கு 80 கிராம், கொதிநீரில் சில நிமிடம் ஊறவைத்து வடித்தால் போதும். காலைக்கு, கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்து ரவையைப் பொன்னிறமாக வறுத்து, உப்பும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போங்கள். 80 கிராமுக்கு 220 மில்லிலீற்றர் கொதிநீர், மூன்று நிமிடத்தில் உப்புமா. மதியத்துக்கு அடுப்பே பற்றவைக்கவேண்டாம்: தேங்காய்ப்பூ போடாத கோதம்ப ரொட்டியும், நன்றாகச் சுண்டவைத்த சீனிச்சம்பலும் முதல் இரு நாளும் தாங்கும்.

முதல் இரவுக்கு மட்டும் இறைச்சிக்கறியைக் கட்டியாக உறையவைத்து, காற்று நீக்கிய பையில், உடுப்புகளின் நடுவே வைத்துக் கொண்டுபோகலாம். மாலைக்குள் உருகும், தொட்டால் குளிர்ச்சி இருக்கும்போதே கொதிக்கவைத்து முடித்துவிடவேண்டும். சமைத்த சோற்றைக் கொண்டுபோகாதீர்கள், மிச்சச் சோற்றை மறுநாளுக்கு வைக்கவும் வேண்டாம். ஆறிய சோற்றில் பெருகும் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. முட்டையும் அப்படித்தான் யோசிக்கவேண்டும்: கனடாவில் முட்டையைக் கழுவியே விற்கிறார்கள், ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடுகிறது. குளிர்ப்பெட்டி இல்லாமல் கோடை வெயிலில் வைக்கக்கூடாது.

கேள்வி: இருவருக்கு இரண்டு இரவுக்கு எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு காஸ்? (மிசிசாகா வாசகர்)

உலர்ந்த நிறையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 650 தொடக்கம் 750 கிராம். இதில் அரிசி 90 கிராம் (ஒரு வேளைக்கு), பருப்பு 60, ரவை 80, சோயா மீற் 30, பால்மா 25, கச்சான், கஜு, முந்திரிகை வற்றல், எள்ளுருண்டை எல்லாம் சேர்த்து 150 வரும். மிச்சம் ரொட்டி, சீனி, எண்ணெய், தேயிலை. துடுப்புப் போடும்போது பசிக்கும் முன்பே கொறிக்க வேண்டியிருப்பதால் கச்சான் பகுதியைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு வேளையையும் தனிப்பையில் கட்டி, மேலே வேளையின் பெயரும் ஊற்றவேண்டிய தண்ணீரின் அளவும் எழுதுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு மேலதிகமாக இருக்கட்டும். காற்று எழும்பினால் ஒரு நாள் தங்கித்தான் வரவேண்டிவரும்.

காஸ்: ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க, மெல்லிய காற்றில், 12 தொடக்கம் 15 கிராம் போகும். இருவருக்குத் தேநீர், உப்புமா, கறி எல்லாம் நாளுக்கு மூன்று லீற்றர். அதோடு சோறு அவியும் நேரத்துக்கு ஒரு 15 கிராம். ஆக நாளுக்கு 60 கிராம். 230 கிராம் உருளை ஒன்று தாராளம், 110 கிராம் போதாது. புது உருளையைச் சமையலறைத் தராசில் நிறுத்து அடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள். பிறகு எப்போது நிறுத்தாலும் மிச்சம் தெரியும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தால் காஸ் மிச்சமாகும். காற்றுத் தடுப்பை உருளையைச் சுற்றி மூடிக் கட்டாதீர்கள், உருளை சூடேறி வெடிக்கலாம். கூடாரத்துக்குள் சமைக்கவே கூடாது: காபன் மொனொக்சைட்டு மணமில்லாத நஞ்சு.

கேள்வி: நம் கறித்தூள் வாசத்துக்குக் கரடி வராதா? (ஏஜக்ஸ் வாசகி)

கரடிக்கு மூக்கு மிகக் கூர்மையானது. கறித்தூள் மட்டுமல்ல, பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுப் பூச்சு, குப்பை, கறிச்சட்டி துடைத்த துணி எல்லாமே அதற்குச் சாப்பாட்டு வாசம்தான். ஆகவே வாசமுள்ள அத்தனையும் ஒரே பையில். கருவாட்டையும் மாசியையும் வீட்டில் விட்டுவிடுங்கள், எவ்வளவு அடைத்தாலும் மணக்கும்.

பையை நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீற்றராவது தள்ளி, கூடாரத்திலிருந்து 60 தொடக்கம் 100 மீற்றர் தூரத்தில் தொங்கவிடவேண்டும். 15 மீற்றர் நீளம், 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கயிறு போதும். மெல்லிய கயிறு கையையும் வெட்டும், கொப்பிலும் பதிந்து இறுகும். சிறு துணிப்பையில் கல்லைப் போட்டுக் கயிற்று நுனியில் கட்டிக் கொப்பின் மேலால் எறியுங்கள். இதை வெளிச்சம் இருக்கும்போதே, கூடாரம் அடிக்க முன்னமே செய்துவிடுங்கள். இருட்டில் தலைவிளக்கோடு கல்லெறிவது எவருக்கும் சரிவருவதில்லை.

கனூக்காரர் சாப்பாடு அடைத்துக் கொண்டுபோகும் நீலப் பீப்பாய் கயாக் ஹட்சில் இறங்காது. கரடி திறக்கமுடியாத வட்டப் பெட்டிகள் சுமார் 22 சென்ரிமீற்றர் அகலம், பெரும்பாலும் பின் ஹட்சில் மட்டும்தான் போகும். கயாக்குக்குள் சாப்பாட்டைப் பூட்டிவிட்டுத் தூங்குவது பாதுகாப்பல்ல. மூடியைக் கரடி பிய்த்தால் சாப்பாட்டோடு படகும் போய்விடும். அணில், எலி, ரக்கூன் கரடியைவிட அடிக்கடி வரும், அவற்றுக்கும் இதே மருந்துதான்.

கேள்வி: பேணி மீனும் போத்தல் ஊறுகாயும் கொண்டுபோகலாமா? (பிரம்டன் வாசகர்)

முடியாது. அல்கொன்குயினின் உட்காட்டில், எரிக்கமுடியாத, ஒருமுறை பாவித்து எறியும் உணவு, பானப் பாத்திரங்களுக்குத் தடை உண்டு. ஊறுகாயைத் திரும்பப் பாவிக்கும் திருகுமூடிப் பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மாற்றினால் போதும். காஸ் உருளை உணவுப் பாத்திரமல்ல, அது அனுமதிக்கப்படும். வெற்று உருளையைத் திரும்பக் கொண்டுவரவேண்டும்.

கேள்வி: ஏரித் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா? (ஒட்டாவா வாசகர்)

கூடாது. பீவர் போன்ற விலங்குகளின் கழிவிலிருந்து வரும் ஜியார்டியா என்ற கிருமி கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுப்போக்கு ஒரு கிழமைக்கும் மேல் இழுக்கும், அதுவும் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்கும். ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தால் போதும். குடிதண்ணீருக்கு 0.1 மைக்ரோன் வடிகட்டி வசதி. ஒருமுறை நனைந்த வடிகட்டி குளிரில் உறைந்தால் உள்நார்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. இலையுதிர் காலத்தில் அதை இரவில் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மே மாத நீண்ட வார இறுதியில் போகலாம் என்கிறார்கள் நண்பர்கள். வெயில் 22 பாகை வரும் என்கிறது வானிலை. உயிர்காப்பு அங்கி படகில் இருந்தால் போதும்தானே? (பிக்கரிங் வாசகர்)

சட்டத்துக்கு அங்கி படகில் இருந்தால் போதும். தண்ணீருக்குப் போதாது. பூங்கா ஏரிகளில் பனிக்கட்டி சித்திரைக் கடைசியில், சில வருடம் மே தொடக்கத்தில்தான் உருகுகிறது. வெளியே 22 பாகை இருக்கும் நாளில் தண்ணீர் 10 பாகைக்கும் கீழே இருக்கலாம். குளிர் உடலை என்ன செய்யும் என்று ஆராயும் மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று கற்பிக்கிறார்: விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது, அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், ஒரு மணி நேரமளவில் உடல் குளிர்ந்து நினைவு தப்பும். அந்த முதல் நிமிடத்தில் அங்கியைத் தேடி மாட்டமுடியாது. உடலில் போட்டுக் கொளுவியிருக்கவேண்டும்.

15 பாகைக்குக் கீழான தண்ணீரில் வெற்சூற் (உடலோடு ஒட்டிச் சூட்டைக் காக்கும் உடை) அல்லது ட்ரைசூற் (தண்ணீர் புகாத உடை) அணியுங்கள். பருத்தி உடுப்பு நனைந்தால் சூட்டை வைத்திருக்காது, கம்பளி அல்லது ஃபிளீஸ் போடுங்கள். சட்டப்படி படகில் இருக்கவேண்டிய மற்றவை: 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்கும் கோப்பை அல்லது பம்ப், விசில், இருட்டில் போனால் விளக்கு. விசிலை அங்கியிலேயே கட்டிவையுங்கள். படகு உருளும்போது மற்ற எல்லாம் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும்.

எங்கள் கருத்தில், முதல் பயணத்துக்கு மே வேண்டாம். ஆடி இரண்டாம் பாதியிலோ ஆவணியிலோ போனால் தண்ணீரும் சூடேறியிருக்கும், கறுப்பு ஈயின் தொல்லையும் ஓய்ந்திருக்கும்.